உறை ஊற்றாத பால்

என் பெரியப்பா பால்காரர் மகன். 1950களில் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் தாத்தா ஐந்து மாடுகள் வைத்திருந்தார். பெரியப்பாவுக்கு அப்போது பத்து வயது. விடிவதற்குள் தூக்குவாளியோடு கிளம்பி ஏழெட்டு வீட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் பள்ளிக்கூடம். இன்றைக்கும் காப்பிக்கடையில் தே (டீ) வந்தால், குடிப்பதற்கு முன் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் ஒரு முறை பார்ப்பார். டின் பாலைப் பற்றி அவருக்கு இருக்கும் கருத்தை இங்கே எழுத முடியாது.

1999இல் அவர் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கையான இயந்திர வால்வு பொருத்தினார்கள். ராத்திரி வீடு அடங்கியபின் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சுவர்க்கடிகாரம் மாதிரி சத்தம் கேட்கும். இந்த வகை வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ஆயுசுக்கும் வார்ஃபரின் மாத்திரை. ஒரு நாள் பழுப்பு, ஒரு நாள் நீலம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். தமிழ் தெரிந்த தாதி ஒருவர், "ரத்தத்தத் தண்ணியாக்குற மாத்திர, அய்யா" என்று விளக்கியிருக்கிறார்.

"பால்ல தண்ணி ஊத்துற மாதிரியா?"

"ஆமா, அப்படித்தான்."

இருபது வருஷத்துக்கு மேல் அவர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். "எங்கப்பன் ஊத்துன தண்ணியெல்லாம் என் ஒடம்புல வந்து சேந்துருச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

என் பிழைப்பு மொழிபெயர்ப்பு. மருத்துவத் துண்டேடுகள், ஆய்வுகளில் சேர்வோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவங்கள், மாத்திரை உறையில் ஒட்டும் குறிப்புகள். ஒரு சொல் தப்பினால் அது யார் வீட்டில் போய் விழும் என்று யோசித்துக்கொண்டே தட்டச்சு செய்கிற வேலை. அந்தச் சொல் ஒரு நாள் என் வீட்டிலேயே வந்து விழுந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் அதற்கு முன் வைக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தத் தண்ணீர் விவகாரம். வார்ஃபரின் ரத்தத்தை நீர்க்க வைப்பதில்லை. ரத்தம் உறைவதற்குச் சில புரதங்கள் வேண்டும், அவற்றைக் கல்லீரல் செய்கிறது, செய்து முடிக்க அதற்கு வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கிறது. அவ்வளவுதான். இதைப் பெரியப்பாவுக்குச் சொல்ல நான் திண்டாடியபோது உதவிக்கு வந்தது அவர் தொழில்தான். தமிழில் பாலும் உறையும், ரத்தமும் உறையும்.

"தண்ணி கலந்த பால் இல்ல பெரியப்பா. உறை ஊத்தாத பால்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப உறைமோர ஒளிச்சு வச்சுட்டானுவோ."

இதைவிட நல்ல விளக்கத்தை எந்தத் துண்டேட்டிலும் நான் எழுதியதில்லை.

சரி, வைக்கோல். 1920களில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் மாடுகள் ரத்தம் வடிந்து சாக ஆரம்பித்தன. கொம்பு சீவினால் ரத்தம் நிற்காது, காயடித்தால் நிற்காது. சில மாடுகள் காயமே இல்லாமல் உள்ளுக்குள் கசிந்து செத்தன. அங்கே அப்போது 'ஸ்வீட் குளோவர்' என்ற தீவனப் பயிர் பரவலாக இருந்தது. ஏழை மண்ணிலும் நன்றாக வளரும். அறுத்துக் காயவைத்துப் போரில் அடுக்கும்போது ஈரம் பட்டால் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பிடித்ததைத் தூக்கிப் போட அந்த விவசாயிகளுக்கு வசதி இல்லை.

கனடாவின் ஒன்டாரியோவில் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் ஒரே போரிலிருந்து நல்ல தண்டுகளைத் தனியாகவும் பூசணம் பிடித்தவற்றைத் தனியாகவும் பிரித்து, இரண்டு முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பூசணத்தைத் தின்ற முயல்தான் ரத்தம் கசிந்து செத்தது. குற்றவாளி பயிர் இல்லை, பூசணம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பூசணத்தில் இருக்கும் எந்தப் பொருள்?

1933 பிப்ரவரி. விஸ்கான்சின் மாநிலத்தில் டீர் பார்க் என்ற ஊரைச் சேர்ந்த எட் கார்ல்சன் என்ற விவசாயி பனிப்புயலில் முந்நூறு கிலோமீட்டர் போல வண்டி ஓட்டிக்கொண்டு மேடிசனுக்கு வந்தார். வண்டியில் ஒரு செத்த கிடாரி, ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தம், கொஞ்சம் குளோவர் வைக்கோல். அரசாங்கக் கால்நடை மருத்துவரைப் பார்க்கத்தான் வந்தார். அன்று சனிக்கிழமை, அலுவலகம் பூட்டியிருந்தது. விளக்கு எரிந்த கட்டடத்துக்குள் நுழைந்தார். அது பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. உள்ளே இருந்தவர் கார்ல் பால் லிங்க்.

லிங்க் அவருக்கு ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. "அந்த வைக்கோலைப் போடாதீர்கள்" என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே வைத்தியம். விவசாயி அதே பனியில் திரும்பிப் போனார். பால் கேன் மட்டும் ஆய்வகத்தில் தங்கிவிட்டது.

இந்தக் கதையை நான் பெரியப்பாவுக்குச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கேன் எத்தன லிட்டரு?" எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாகச் சொன்னது: "பூசணம் புடிச்ச வைக்கோல மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு எங்கப்பாவுக்கே தெரியுமே." உண்மைதான். தாத்தா கடலைப் பிண்ணாக்கைக்கூட உடைத்து மோந்து பார்த்துத்தான் ஊறவைப்பாராம். லேசாகப் பூசண வாடை அடித்தாலும் வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசணத்தைத் தேடிப்போய்த்தான் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமானவற்றில் அதுவும் ஒன்று. மாடு அதைத் தின்றால் அதன் ஒரு வடிவம் பாலிலும் வரும். தாத்தா இதில் எதையும் படித்ததில்லை. மூக்கை நம்பினார்.

ஆனால் "போடக்கூடாது" என்று தெரிவதும் "ஏன்" என்று தெரிவதும் வேறு வேறு. லிங்கின் ஆய்வகத்துக்கு அந்த "ஏன்" கிடைக்க ஆறு வருஷம் பிடித்தது. 1939இல் ஹரோல்ட் கேம்பல் என்ற உதவியாளர் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். புது வைக்கோலுக்கு ஒரு இனிப்பு வாசனை உண்டல்லவா, அந்த வாசனைப் பொருளான கூமரினைப் பூசணம் மாற்றிச் செய்த நஞ்சு அது. டைகூமரால் என்று பெயர். அதன் உறவுக்காரப் பொருள்களை வரிசையாகச் செய்து பார்த்ததில் ஒன்று எலிகளைக் கொல்லத் தோதாக இருந்தது. 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த விஸ்கான்சின் அறக்கட்டளையின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வார்ஃபரின் என்று பேர் வைத்தார்கள். 1954இல் மனிதர்களுக்கு மருந்தாக அனுமதி. அடுத்த வருஷம் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

"எலிமருந்தா எனக்குக் குடுக்குறானுவோ?" என்றார் பெரியப்பா. அன்றைக்குப் பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கோழிக் கதையை இன்னொரு நாள் சொன்னேன். 1929 வாக்கில் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்து வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் ரத்தம் கட்டியது. எலுமிச்சைச் சாறு கொடுத்தார், கேட்கவில்லை. கீரையில், ஈரலில் இருந்த ஏதோ ஒன்று கேட்டது. இதுவரை தெரியாத ஒரு வைட்டமின் என்று முடிவுக்கு வந்து, உறைதலுக்கான டேனிஷ் சொல்லின் முதல் எழுத்தை எடுத்து 1935இல் வைட்டமின் கே என்றார். அவருக்கும் அதன் வேதியியலைக் கண்டறிந்த எட்வர்ட் டொய்சிக்கும் 1943ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு.

அங்கே வைக்கோல் தின்ற மாடுகளுக்கும் ரத்தம் உறையவில்லை, இங்கே கீரை கிடைக்காத குஞ்சுகளுக்கும் உறையவில்லை. ஒன்று உறைமோரை ஒளித்து வைத்த கதை, இன்னொன்று வீட்டில் உறைமோரே இல்லாத கதை. வார்ஃபரின் சாப்பிடுகிறவர் தினமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறார்.

என் மகள் பிறந்த சில நிமிடங்களில் அவள் தொடையில் போட்ட ஊசியும் வைட்டமின் கேதான். பிறந்த குழந்தைகளுக்கு அது போதிய அளவு இருக்காது. மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தைத் தடுக்க ஒரு ஊசி போட்டுவிடுவார்கள். அவள் பிறந்தது கேகே மருத்துவமனையில். கேகே என்றால் கண்டாங் கெர்பாவ், மலாயில் எருமைத் தொழுவம். ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றியிருந்த புல்லும் மாட்டு வியாபாரத்தை இழுத்து வந்த வட்டாரம் இது. தேக்கா சந்தையை ஒட்டி பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப் பெயர்கள் இன்னும் இருக்கின்றன, எருமைகள்தான் இல்லை. 1966இல் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் இடம்பிடித்த மருத்துவமனைக்குத் தொழுவம் என்று பேர். கோழித் தீவன ஆராய்ச்சியில் கிடைத்த ஊசியை எருமைத் தொழுவத்தில் வைத்துப் போடுகிறார்கள் என்று நினைத்தபோது பிரசவ அறையிலேயே சிரித்துவிட்டேன். மயக்க மருந்து தலைக்கு ஏறிவிட்டதாகத் தாதி நினைத்திருப்பார்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் பெரியப்பாவின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருப்பதாக எஃப்ஐடி பரிசோதனை சொன்னது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வீட்டிலேயே செய்துகொள்ளும் பரிசோதனை. குச்சியால் சுரண்டிக் குழாயில் போட்டு அனுப்ப வேண்டும். பலர் அருவருப்பில் தள்ளிப் போடுவார்கள். "சாணி அள்ளுனவனுக்கு இதென்ன" என்று பெரியப்பா ஒழுங்காகச் செய்து அனுப்பிவிடுவார். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி.

இந்தச் சொல்லில்தான் முதல் சறுக்கல். "குடல்ல கட்டி இருக்கு" என்று சொன்னதும் பெரியப்பா முகம் இறுகிவிட்டது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தீபாவளி அன்னிக்கு மாத்திரைய மறந்துட்டேம்மா. அதான் கட்டிருச்சு." இருபது வருஷமாக அவரிடம் எல்லாரும் சொல்லிவந்தது, மாத்திரை தவறினால் ரத்தக் கட்டி வரும் என்பது. இப்போது கட்டி வந்துவிட்டது. தன் மறதியால்தான் வந்தது என்று மனுஷர் உள்ளுக்குள் குமைந்திருக்கிறார். உறைந்த ரத்தமும் கட்டி, புற்றுநோயும் கட்டி. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குகிறது, அதை இரண்டுக்கும் நானே பல இடங்களில் எழுதியிருக்கிறேன். அன்று ராத்திரி என் சொற்பட்டியலைத் திறந்து, ரத்தத்துக்கு இனி 'உறைவு' மட்டும்தான் என்று மாற்றினேன்.

அறுவை சிகிச்சைக்கு ஐந்து நாள் முன்பு வார்ஃபரினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தாவிட்டால் கத்தி பட்ட இடத்தில் ரத்தம் நிற்காது. நிறுத்தினால் வால்வில் உறையும். நடுவில் இருக்கும் நாள்களுக்கு ஹெப்பாரின் ஊசி. சீக்கிரம் வேலை செய்யும், சீக்கிரம் இறங்கிவிடும். இந்த இடைக்கால ஊசி எல்லாருக்கும் தேவையா என்பதே கேள்வியாக இருந்தது. 2015இல் வெளிவந்த பிரிட்ஜ் என்ற ஆய்வில், இதயத் துடிப்புக் கோளாறுக்காக வார்ஃபரின் சாப்பிடும் 1,884 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசி போடாதவர்களில் உறைவால் பாதிக்கப்பட்டவர்கள் 0.4 விழுக்காடு, போட்டவர்களில் 0.3. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய ரத்தக்கசிவு போடாதவர்களில் 1.3 விழுக்காடு, போட்டவர்களில் 3.2. பல்லாண்டுகளாக நல்லது என்று நம்பிச் செய்துவந்த ஒன்று, பலருக்குத் தேவையே இல்லை என்று ஆகிவிட்டது. இப்படி இருக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லும் ஆராய்ச்சி மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அதில் யாருக்கும் புது மருந்து விற்க முடியாது. ஆனால் இயந்திர வால்வு உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அதனால் பெரியப்பாவுக்கு ஊசி உண்டு.

ஹெப்பாரின் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று அவராகவே கேட்டார். 1916இல் முதலில் நாயின் ஈரலில் கண்டார்கள், இப்போது பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள் என்றேன். "மாட்டு வைக்கோல நிறுத்திட்டு பன்னிக் கொடலா" என்று படுத்துக்கொண்டார்.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, வலப்பக்கக் குடலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். அவரை ஆச்சரியப்படுத்தியது, காலையில் ஒரு இனிப்புப் பானத்தைக் குடிக்கச் சொன்னதுதான். முன்பெல்லாம் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது என்பார்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயம். தெளிந்த பானம் இரண்டு மணி நேரத்தில் வயிற்றை விட்டுப் போய்விடும், வெறும் வயிற்றில் வாடிக் கிடக்கும் உடம்புதான் மெதுவாகத் தேறும் என்று பிறகு தெரிந்தது. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990களில் தொடங்கி வைத்த முறை இது. பசியோடு வைக்காதே, சீக்கிரம் எழுப்பி நடக்க வை, சீக்கிரம் சாப்பிடக் கொடு. குடல் அறுவைக்குப் பின் சூயிங்கம் மென்றால் குடல் சீக்கிரம் அசைய ஆரம்பிக்கும் என்றுகூட ஆய்வுகள் உண்டு. சாப்பாடு வருகிறது என்று வயிற்றை ஏமாற்றும் வேலை. இந்த ஊரில் 1992இலிருந்து கடையில் வாங்க முடியாத பொருளாயிற்றே, பிற்பாடு மருந்தாக மட்டும் மருந்தகத்தில் அனுமதித்தார்கள். பெரியப்பாவிடம் சொன்னேன். "மாடு அசைபோடுற மாதிரி" என்று உடனே பிடித்துக்கொண்டார்.

எடுத்த குடலோடு சேர்த்து எடுத்த நிணநீர் முடிச்சுகளிலும் நோய் இருந்தது. எனவே ஆறு மாதம் கேப்பசிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை. இரண்டு வாரம் சாப்பிட வேண்டும், ஒரு வாரம் ஓய்வு. உடம்புக்குள் போனதும் அது ஃபைவ் எஃப்யூ என்ற பழைய மருந்தாக மாறும். அதன் கதையும் ஒரு தீனிக் கதைதான். எலிகளின் கல்லீரலில் வளரும் புற்று, சாதாரண ஈரலைவிட யுராசில் என்ற பொருளை அதிகமாக இழுத்துக்கொள்கிறது என்று 1950களில் கவனித்தார்கள். சார்லஸ் ஹைடல்பெர்கர் யோசித்தார். அது ஆசையாகத் தின்னும் தீனியில் ஒரே ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே ஃபுளோரினை வைத்துக் கொடுத்தால்? தின்னும், ஆனால் செரிக்க முடியாது, பெருக முடியாது. 1957இல் அந்த மருந்து வந்தது. அவர் வேலை பார்த்த இடம் எது தெரியுமா? விஸ்கான்சின், அதே மேடிசன். பால் கேன் வந்து இறங்கிய ஊர்.

அது மாட்டுத் தீவனத்தில் ஊறிய பல்கலைக்கழகம். 1907இலேயே அங்கே பதினாறு கிடாரிகளை நாலு நாலாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், ஒன்றுக்குச் சோளம் மட்டும், நாலாவதற்குக் கலந்து என்று நாலு வருஷம் போட்டுப் பார்த்தார்கள். வேதியியல் கணக்குப்படி எல்லாத் தீவனமும் சமம். ஆனால் கோதுமை தின்றவை நலிந்து போயின, சோளம் தின்றவை பளபளவென்று இருந்தன. கணக்கில் வராத ஏதோ ஒன்று தீனியில் இருக்கிறது என்ற அந்தச் சந்தேகம் அங்கிருந்தவர்களை வைட்டமின்கள் வரைக்கும் கூட்டிப் போனது. மாடு எதைத் தின்கிறது என்று பார்க்க அரசாங்கப் பணமா என்று கேட்கிற ஆள்கள் அன்றும் இருந்திருப்பார்கள்.

பொய்த் தீனி கொடுக்கும் தந்திரத்துக்கு நம் ஊரிலும் ஒரு தொடர்ச்சி உண்டு. கோழிக்குஞ்சு வளர்வதற்குத் தேவை என்று தேடிய சத்துகளில் ஒன்று ஃபோலிக் அமிலம். அதன் வேஷத்தில் போய் புற்று அணுவைப் பட்டினி போடும் மருந்து மெத்தோட்ரெக்ஸேட். கருப்பையில் முத்துப்பிள்ளை (குழந்தையாக வளராமல் நீர்க்குமிழ்க் கொத்தாக வளரும் கரு) உண்டான பெண்களுக்கு அது புற்றாக மாறாமல் தடுக்க இந்த மருந்தை முன்கூட்டியே கொடுப்பது பற்றி 1971இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதிய குழுவின் தலைவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறக்கக் காரணமானவர் என்றால் பலருக்கு நினைவு வரும். அவர் வேலை பார்த்ததும் எருமைத் தொழுவத்தில்தான்.

இப்போது பெரியப்பா உடம்பில் மேடிசன் ஊர் மருந்துகள் இரண்டு. இரண்டுக்கும் ஆகாது. கேப்பசிடபின், வார்ஃபரினை உடம்பு கழிக்கும் வழியை அடைக்கும். அதனால் அதே அளவு வார்ஃபரின் சாப்பிட்டாலும் ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகும். இது மருத்துவர்களுக்குத் தெரியும். வாராவாரம் விரலில் குத்தி ஐஎன்ஆர் பார்த்தார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, கூடினால் கசியும். அவருக்கு அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். முதல் சுற்று முழுவதும் அளவைக் குறைத்துக் குறைத்துச் சமாளித்துவிட்டார்கள்.

இரண்டாவது சுற்றில் ஒரு நாள் பல் துலக்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவில்லை. பெரியம்மா போன் செய்தபோது பீங்கான் தொட்டி முழுக்கச் சிவப்பு. ஐஎன்ஆர் ஏழைத் தொட்டிருந்தது. வார்ஃபரினை நிறுத்தி வைத்து, இரண்டு நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள்.

மருந்தாளர் ஒரு சின்னப் பெண். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் மொழிபெயர்க்க, பொறுமையாகக் கேட்டார். மாத்திரை மாறியதா? இல்லை. நாட்டு மருந்து? சின்ன மகன் கோதுமைப்புல் பொடி வாங்கி வந்தான், தொடவில்லை. "புல்ல மாடு தின்னுட்டு பாலா குடுக்கட்டும், நான் அத குடிச்சிக்கிறேன்னுட்டேன்." சாப்பாடு? வாய்ப்புண்ணால் கொஞ்சம் குறைவுதான். கீரை?

"கீரைய நிறுத்தி ஒரு மாசமாச்சு."

மருந்தாளர் நிமிர்ந்தார். யார் நிறுத்தச் சொன்னது?

பெரியப்பா தலைமாட்டிலிருந்த பையைத் துழாவி நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். வார்ஃபரின் சாப்பிடுவோருக்கான துண்டேடு. பல வருஷத்துக்கு முன் வாங்கி வைத்தது, புதுச் சிகிச்சை தொடங்கியதும் பயத்தில் எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படித்திருக்கிறார். விரலால் தொட்டுக் காட்டினார். 'கீரை வகைகளை அளவோடு உண்ணுங்கள்.'

அந்த வரி என்னுடையது.

ஆங்கிலத்தில் இருந்த சொல் 'கன்சிஸ்டென்ட்'. என்றும் ஒரே அளவாக என்று பொருள். கீரை கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. கூடினால் வைட்டமின் கே ஏறி வால்வில் உறையும், குறைந்தால் மருந்து ஓங்கி ரத்தம் கசியும். நான் 'அளவோடு' என்று போட்டேன். வாக்கியத்தில் அழகாக உட்கார்ந்தது, இரண்டு பேர் சரிபார்த்தும் யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் நம் வீடுகளில் 'அளவோடு சாப்பிடு' என்று எதைச் சொல்வோம்? இனிப்பை, ஊறுகாயை, பிராந்தியை. அளவோடு என்றால் குறை என்று அர்த்தம். நல்ல பிள்ளை என்றால் விட்டுவிடு என்று அர்த்தம். பெரியப்பா நல்ல பிள்ளை. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டுப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். கோபன்ஹேகன் குஞ்சுகளுக்கு டாம் கொடுத்த தீவனத்தை நான் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஏழுக்கு ஏறியதில் கேப்பசிடபினின் பங்கு எவ்வளவு, வாய்ப்புண்ணின் பங்கு எவ்வளவு, என் 'அளவோடு'வின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்று மருந்தாளர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன். அந்த நிமிஷம் அவரிடம் அது என் மொழிபெயர்ப்பு என்று சொல்லவில்லை. பெரியப்பாவிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே துண்டேட்டை வெளியிட்ட அமைப்புக்கு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த பதிப்பில் வரி மாறியது: 'கீரை வகைகளை நிறுத்த வேண்டாம். வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.' எடுப்பான வாக்கியம் இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியப்பாவிடம் சொல்ல ஆறு மாதம் ஆனது. எட்டாவது சுற்று முடிந்து, உள்ளங்கையில் உரிந்த தோல் திரும்ப வளர ஆரம்பித்திருந்தது. கேட்டுவிட்டுப் பையிலிருந்து அதே தாளை எடுத்தார். பேனா கேட்டார். 'அளவோடு' என்பதை அடித்துவிட்டு மேலே 'அதே அளவு' என்று எழுதினார். பால் கணக்கு நோட்டில் எழுதிப் பழகிய கொம்பும் சுழியுமான எழுத்து. மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். "ஒரு சொல்லுதான் கொறச்சல்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் முருங்கைக்கீரை. மாத்திரையைப் போல நாள் தவறாமல். போன வாரம் தேக்காவுக்கு நானும் கூடப் போனேன். பஃப்பலோ ரோட்டில் வழக்கமாக வாங்கும் கடையில் அவர் கீரைக்கட்டை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தார். கடைக்காரர் பரமக்குடிப் பக்கத்து இளைஞர், வேலைக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும்.

"தம்பி, போன வாரக் கட்டு இதவிடப் பெருசு."

"அதே கட்டுதாங்க ஐயா. மழையில கொஞ்சம் வாடிருச்சு."

"வாடுனா எனக்கு வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கும்போது தெரிஞ்சிரும். இன்னொரு கைப்பிடி வையி."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் பக்கத்துக் கடையில் தேங்காய் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.